படத்தில் காட்டாத வழி

மேடம், ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் நல்ல படம் போட்டால் நான் காலையிலேயே சோறு வடித்து, குழம்பையும் இறக்கிவிடுவேன். நடுவில் எழுந்து போகப் பிடிக்காது. பார்த்து முடித்ததும் நோட்டில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று தெலுங்குப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அதன் பிறகு இந்த நோட்டுகள்தான். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பதினான்கையும் நேற்று நீங்கள் எடுத்துப் போனீர்கள். நீங்கள் கேட்டபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை. தாள் கொடுத்தது நல்லதாயிற்று.

ஏழாவது நோட்டில் இருக்கும் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். டெல்லியில் விருது வாங்கியது. காதலும் சிரிப்புமாகப் போகும். காதலர்கள் சண்டை போட்டுப் பிரிந்துவிடுவார்கள். நாயகியின் தங்கை காதலனிடம் போய், அக்கா விஷம் குடித்துவிட்டாள் என்று பொய் சொல்வாள். அவன் விழுந்தடித்துக்கொண்டு வருவான். அக்கா ஊஞ்சலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பாள். வீடே சிரிக்கும்.

பதினொரு தடவை பார்த்திருக்கிறேன். வசனத்தில் ஒரு சொல் அதிகமில்லை. தங்கையாக நடித்தவள் பொய் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்துவதே இல்லை. ஒரே ஒரு குறைக்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருந்தேன். பொய்யைக் கேட்ட அடுத்த நொடி அவன் வாசலில் நிற்கிறான். வந்த வழியைக் காட்டவில்லை.

எங்கள் வீடு வரதய்யபாளையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். ஓடைக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு. அம்மா இல்லை. நைனா லாரியில் போனால் வர ஐந்து நாள் ஆகும். தனியாக இருந்தால் எனக்குப் பயம். ஓட்டின் மேல் பூனை நடந்தாலும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அக்கா ரூபா ஸ்ரீசிட்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால்தான் மூச்சு வரும். அவளோடு வேலை பார்த்த கிரண்குமாருக்கும் அவளுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். அவருக்குச் சித்தூரில் புது வேலை கிடைத்திருந்தது.

அன்று காலையில் அவர் வந்தார். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சியும் சித்தூர்ல நம்மகூடவே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

"ஏமி ரூபா, கல்யாணம் உனக்கா, உங்க ரெண்டு பேருக்குமா?"

"சிரிக்காதே. அவ ஒண்டியா இருந்தா பயந்துக்குவா."

"எத்தினி நாளு பயந்துக்கினே இருப்பா? நீ போய்ட்டா தானா தைரியம் வந்துடும்."

அக்கா கோபத்தில் போனைக்கூட எடுக்காமல் ஓடையைத் தாண்டி சின்னம்மா கமலம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவரும் பைக்கை எடுத்தார். நல்லவர்தான். கிளம்பும்போது, "பாப்பா, காப்பி பஸ்ட் கிளாஸ்" என்றார்.

மதியம் மலைப்பக்கம் மழை. ஓடைத் தண்ணீர் தரைப்பாலத்தின் மேல் ஏறியது. எங்கள் பக்கத்தில் அதற்கு எச்சரிக்கைப் பலகையோ தடுப்புக் கேட்டோ கிடையாது. தண்ணீர் ஏறினால் தலையாரி பாதையின் குறுக்கே முள் வெட்டிப் போடுவார். வடிந்தால் எடுத்துவிடுவார். முள் இல்லையென்றால் யாரும் யோசிக்காமல் வண்டியை விடுவார்கள். இங்கே யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. முள்ளைத்தான் பார்ப்பார்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அக்காவின் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். "மாமா, அக்கா பூச்சி மருந்து குடிச்சிட்டா. சின்னம்மா ஊட்ல கெடக்கிறா. சீக்கிரம் வாங்க." என் குரல் எங்கும் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது அப்படி வந்திருக்கலாம். அவர் அழுதார். வந்துக்கினே இருக்கிறேன் என்றார்.

இருபது நிமிடத்தில் பைக் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் ஓடைக்கரையில் நின்றது. நான் ஜன்னல் ஓரம் இருந்தேன். போன் அடித்தது.

"பாப்பா, தண்ணி போய்க்கினு இருக்குதே. முள்ளு போடல. போலாமா?"

"முள்ளு இல்லன்னா போலாம் மாமா."

பின்பக்கச் சிவப்பு விளக்கு பாதிப் பாலம் வரைக்கும் தெரிந்தது. பிறகு தண்ணீர் மட்டும் தெரிந்தது. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, நோட்டை எடுத்து அந்தப் படத்தின் பக்கத்தைத் திருப்பினேன். வழியைக் காட்டியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று எழுதினேன். இயக்குநர் செய்தது சரி. குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தேன்.

தலையாரி வேதாச்சலம் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முள் போட்டேன் என்று அவர் எல்லோரிடமும் சத்தியம் செய்கிறார். அவர் சொல்வது உண்மை. மூன்று மணிக்குப் போட்டார். ஐந்து மணிக்கு நான்தான் ஒவ்வொரு கிளையாக இழுத்து வாய்க்காலில் தள்ளினேன். அதன் பிறகுதான் போன் செய்தேன்.

இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் அவருக்குக் கடைசியாக வந்த அழைப்பு அக்காவின் போனிலிருந்து என்பதால், நாளைக்கு அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளை வைத்துக்கொண்டால் வீட்டில் நான் ஒண்டியாக இருக்க வேண்டும். அது என்னால் முடியாது.

பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கத்தான் நினைத்தேன் மேடம். அக்கா இப்போது வேலைக்குப் போவதில்லை. சித்தூர்ப் பேச்சே எடுப்பதில்லை. குழாயடிக்குப் போனால்கூட என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறாள். அவளுக்கு இப்படி ஒரு பயம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல வேளை, பக்கத்தில் நான் இருக்கிறேன்.