எலுமிச்சம்பழம் செய்யாத வேலை

காப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு. சண்டை முடிந்தும் ரேஷன் தீராத காலத்தில் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன், யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மணவாளன். சேக்காட்டில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். தேவராஜ் ரயிலில் அடிபட்டுச் செத்ததை விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது விபத்தில்லை.

தேவராஜ் என் சிநேகிதன். பட்டாபிராம் ராணுவ முகாமுக்கு முட்டை சப்ளை செய்கிற கான்ட்ராக்ட் அவனுடையது. நல்ல சிரித்த முகம். முகாமில் ஏலம் விட்டபோது ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை எடுத்தான். எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி அது. பெண்டாட்டி வடிவை அவன் எவ்வளவு பிரியமாக வைத்திருந்தானோ, அதற்கு ஒரு மாற்றும் குறையாமல் இதையும் வைத்திருந்தான். ஆனால் வண்டி ஓடவில்லை.

"இன்னா பண்ணியும் கெளம்ப மாட்டேங்குது மச்சான். கிக்கரு தொபுக்குனு கீழ போவுது" என்று தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் நிறுத்தினான்.

கிக்கர் அப்படி லேசாக இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை என்று அர்த்தம். உள்ளே அழுத்த வேண்டிய காற்று எங்கோ கசிகிறது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டு உதைத்துப் பார்த்தேன். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் அந்த ஆயிலே இடுக்கை அடைத்து, கிக்கர் கனமாகிவிடும். ஆகவில்லை. அப்படியென்றால் வளையம் தப்பு செய்யவில்லை, வால்வுதான். கழற்றிப் பார்த்தால் புகை வெளியே போகிற வால்வின் விளிம்பு கருகி, குழி விழுந்து கிடந்தது. அதில் அரைக்கும் பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, மோர் கடைவதுபோல உருட்டி உருட்டித் தேய்த்தேன். தேய்ப்பேன், துடைப்பேன், மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். இரண்டு வாரம் வேறு வேலை எடுக்கவில்லை. கைத்தோல் உரிந்தது. அந்த நாட்களைப்போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை, ஐயா.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் பூட்டி, கிக்கர் மேல் ஏறி நின்றேன். என் முழு எடையையும் தாங்கிக்கொண்டு அது அசையாமல் நின்றது. நான் தனியாக நின்று சிரித்தேன். ஸ்டார்ட் பண்ணவில்லை. முதல் உதை தேவராஜ் உதைக்கட்டும் என்று விட்டுவைத்தேன். அது நான் செய்த தப்பு.

மறுநாள் வடிவு சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்தாள். பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கினார்கள். நான் விளையாட்டாக வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன். தேவராஜ் பதறிப்போனான். நசுங்கின பழத்தின் மேல் வண்டி பின்பக்கமாக வந்தால் கழித்த திருஷ்டியெல்லாம் திரும்ப ஏறிக்கொள்ளுமாம். வேறு பழம் வாங்கிவரச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து நசுக்கினான். பிறகு உதைத்தான். ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

பக்கத்து டீக்கடை சாதுல்லாவிடம் அவன் சொன்னது என் காதில் விழுந்தது. "மணவாளன் ரெண்டு வாரம் தேச்சுகினு கெடந்தான், பாவம். ஒண்ணும் ஆவல. வடிவு பழம் வச்சா, ஒரே ஒதை. அம்மன் சக்தி, அண்ணாத்தே."

சாதுல்லா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வராது, சேக்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அவன் அதோடு விடவில்லை. முகாமில் சொன்னான், ரயிலடியில் சொன்னான், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னான். ஊர்க்காரர்கள் சைக்கிள் செயின் அறுந்தால்கூட எலுமிச்சம்பழத்தோடு பட்டறைக்கு வந்தார்கள். "தேவராஜுக்கு வச்சா மாரி எனுக்கும் வச்சுக் குடு" என்றார்கள். வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முகாமுக்குப் போகிற வழியில் கேட் இல்லாத ஒரு ரயில் பாதை குறுக்கிடுவது உங்களுக்குத் தெரியும். போன வருஷம் மாட்டு வண்டி ஒன்று அங்கே அடிபட்டதால், வடிவு தினமும் ஒரு பழம் கொடுத்தனுப்புவாள். தேவராஜ் தண்டவாளத்துக்கு நடுவே வண்டியை நத்தைபோல ஊரவிட்டு, உட்கார்ந்தபடியே பழத்தை முன்னால் போட்டு, அதன் மேல் சக்கரத்தை ஏற்றிவிட்டுத்தான் தாண்டுவான். நானே பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வால்வுக்கும் அதைத் தூக்குகிற டாப்பெட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். சூடானால் வால்வுத் தண்டு நீளும், அதற்காக. அந்த இடைவெளியை எடுத்துவிட்டால், குளிர்ந்திருக்கும்போது வண்டி ஒரே உதையில் கிளம்பும். சூடேறியபின் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். வேகமாகப் போகும்வரை சமாளிக்கும், மெதுவாக விட்டால் நின்றுவிடும். அப்புறம் சூடு ஆறும்வரை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் ஆயில் மாற்ற வேண்டும் என்று வண்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். இடைவெளியை எடுத்துவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். பாதி வழியிலேயே நின்றது. ஆறவிட்டு வந்து, துளி தளர்த்தி மறுபடி போனேன். தண்டவாளத்தில் மெதுவாக்கினேன், நின்றது. திருப்தியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

அவனுக்கு ஒரு பாடம் புகட்டுவதுதான் எண்ணம். வண்டி நடுவழியில் நிற்கும். பழம் காப்பாற்றாது. தள்ளிக்கொண்டு என்னிடம் வருவான். "உன் கைதான் மச்சான், பழம் இல்ல" என்பான். எனக்கு அவ்வளவு போதும்.

மறுநாள் காலை பட்டறை வாசலிலேயே முட்டைக் கூடைகளைக் கட்டினான். ஒரே உதையில் கிளம்பிப் போனான். தண்டவாளத்தில் நடந்ததைப் புல் அறுத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் உங்களிடம் சொல்லியிருப்பாள். பழம் நசுங்கியது, வண்டி நின்றது. லாரிகள் போய்ப் போய்க் குழி விழுந்த இடம் அது. முட்டைச் சுமையோடு ஒற்றை ஆள் முன்னால் தள்ள முடியாது. பின்னால் தள்ளலாம், ஆனால் பின்னால் பழம் கிடக்கிறது. அவன் தள்ளவில்லை. உதைத்துக்கொண்டே இருந்தான்.

ரயில் ஊதியபோது, "உட்டுட்டு ஓடியா நைனா" என்று கத்தினாளாம் கெங்கம்மாள்.

"இன்னும் ஒரே ஒதை, கெளம்பிடும்" என்றானாம்.

குதித்திருக்கலாம், ஐயா. கால் இருந்தது. நான் அவனைக் கட்டிப்போடவில்லை. முட்டைகள் வேறு அத்தனையும் வீணாகிவிட்டன. அவன் வண்டியின் இன்ஜினுக்கு மட்டும் பெரிய சேதமில்லை என்று கேள்விப்பட்டபோது ஆறுதலாக இருந்தது.

முகாம் மெக்கானிக் வந்து கிக்கரை அமுக்கிப் பார்த்து, கம்ப்ரஷன் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தாராம். ஆறின இன்ஜினைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். டாப்பெட் இடைவெளியில் ஒரு சிகரெட் தாளை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நுழையாது.

ரயில் வந்தது என் கையில் இல்லை என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் காப்பி குடித்துவிட்டுப் பொய் சொல்வது மரியாதையில்லை. அன்று காலை அவன் அவசரப்பட்டான். நான்தான், "குந்து மச்சான், இன்னொரு டீ அடிச்சிட்டுப் போ" என்று உட்கார வைத்தேன். பட்டறையிலிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் முகாம் கூட்ஸ் வண்டி தண்ணீர் பிடிப்பது தெரியும். அது பிடித்து முடித்து நகர்ந்த பிறகுதான், "கெளம்பு, டைம் ஆவுது" என்றேன்.

பிறகு ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். "வாடின பழத்தக் குடுத்து அனுப்பிட்டேனே, நானே கொன்னுட்டேனே" என்று வடிவு தலையில் அடித்துக்கொள்கிறாள். ஊரும் ஆமாம், பழம்தான் சரியில்லை என்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. ஒரு அப்பாவிப் பெண் வீணாகப் பழி சுமக்கலாமா?

அவளுக்காகத்தான் வந்தேன். பழத்தில் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் மணவாளன் கைவேலை என்று நீங்களே அவளிடம் போய்ச் சொல்லுங்கள். சாதுல்லா கடையில் நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னால் நல்லது.