தொட்டியைத் தாண்டி வந்தவர்கள்

— போதும் சார், வெளிய வாங்க. எவ்வளவு நேரம் அந்த மருந்துத் தொட்டிக்குள்ளயே நிப்பீங்க? கால் ஊறிப்போயிடும்.

— இன்னும் ரெண்டு நிமிஷம்மா. முறைப்படி நிக்கணும்ல.

— எதைக் காப்பாத்த முறை? உள்ள இருந்த வாழையெல்லாம்தான் வாடிப் போயாச்சே. அதென்னமோ போங்க, 'காலக் கழுவிட்டு உள்ள வாங்க'ன்னு நீங்க எழுதி மாட்டின போர்டுக்கு நீங்களே பயப்படுறீங்க. வாங்க, இப்படி ஷெட்ல உக்காருங்க. வாழைத்தார் அடுக்குற மேடைதான், இப்ப சும்மா கிடக்கு.

— பரவால்லம்மா, நிக்கிறேன்.

— நின்னா மட்டும் வளந்துடவா போறீங்க? உக்காருங்க. லீவு நாள்ல படகு ஏறி இந்தத் தீவுக்கு வந்திருக்கீங்க. கூட ஆளும் இல்ல, கையில ஃபைலும் இல்ல. விவசாய ஆபீசர் இப்படித் தனியா வந்து நின்னா நல்ல சேதியா இருக்காது சார். தோட்டத்த மூடச் சொல்லிட்டாங்களா?

— இல்லம்மா. புது வாழைக் கன்னு குடுக்குறதுக்கு நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டுட்டேன். நோய் தாங்குற ரகம். அடுத்த வாரம் நர்சரியிலேர்ந்து படகுல வந்துடும்.

— போட்டுட்டீங்களா? நெஜமாவா?

— நெஜமாத்தான். தலைமை ஆபீசுக்கும் போயிடுச்சு. இனிமே நானே நினைச்சாலும் அத நிறுத்த முடியாது.

— அப்பாடா. நாலு மாசமா இந்த ஒரு கையெழுத்துக்காக உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன் சார். இருங்க, டீ போடுறேன்.

— டீ வேண்டாம்மா. நான் சொல்ல வந்தது வேற. அதச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போட்டா உங்க வாய அடைக்கப் போட்ட மாதிரி ஆயிடும். அதான் முதல்லயே போட்டுட்டு வந்தேன்.

— என்ன சார், புதிர் போடுறீங்க?

— உங்க தம்பி இப்ப எங்க இருக்காரு?

— அவனா? அக்கரையில, துறைமுகத்துல மூட்டை தூக்குறான்னு கேள்வி. நாலு மாசமா இந்தப் பக்கமே வரல. வந்தாலும் யாரு விடுவா? மலைக்கு இந்தப் பக்கம் இருக்குற பன்னெண்டு தோட்டத்துக்காரங்களும் அவன் பேரக் கேட்டாலே காறித் துப்புறாங்க. படகுக்காரர் அவன ஏத்துறதில்ல.

— நான் எழுதின அறிக்கையாலதானே?

— அதை எதுக்கு இப்ப கிளறிக்கிட்டு? அவன் மலைக்கு அந்தப் பக்கம் நோய்த் தோட்டத்துல வேலை பாத்தான், இங்க வந்து போனான், மண்ணு ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னு எழுதினீங்க. எழுதினது எழுதினதுதான். விடுங்க.

— அது தப்பும்மா.

— விடுங்கன்னு சொல்றேன்ல.

— விட முடியலம்மா. போன வாரம் நோய் வந்த மரம் ஒவ்வொண்ணையும் வரைபடத்துல குறிச்சேன். உங்க தம்பி எப்பவும் பின்னால மோட்டார் ரூம் பக்கமா வர்றவரு. அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் மரம் பச்சையா நின்னிருக்கு. முதல்ல இலை பழுத்தது வாசல்லேர்ந்து நாம போட்டோ எடுத்த இடம் வரைக்கும், ஒரே கோடு மாதிரி. அன்னிக்கு யார் யார் அந்தப் பாதையில நடந்தோம்னு உங்களுக்கே தெரியும்.

— தலைமை ஆபீஸ்காரங்க சுத்திப்பாக்க வந்தாங்களே, அன்னிக்கா?

— அன்னிக்குத்தான். ஆறு பேர். சொல்லப்போனா எல்லாம் என் ஏற்பாடு. காலையில அந்தப் பக்கம் நோய்த் தோட்டத்தக் காட்டி, இப்படி ஆகக்கூடாதுன்னேன். மத்தியானம் இங்க கூட்டிட்டு வந்து, இப்படி இருக்கணும்னேன். அதே காலோட. அதே சேத்தோட.

— சார், போதும்.

— கேளுங்கம்மா. வந்ததுல பெரிய ஆபீசரு தொட்டி முன்னாடி நின்னு, புது ஷூவ நனைக்கணுமாங்கிற மாதிரி என்னப் பாத்தாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'இது கூலி ஆளுங்களுக்கு சார், நீங்க வாங்க'ன்னு சொன்னேன். சொல்லிட்டு நானும் அவரு பின்னாடியே தாண்டினேன். பதினேழு வருஷமா தோட்டம் தோட்டமாப் போய் காலக் கழுவுங்க, காலக் கழுவுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினவன். வெக்கமா இருக்கும்மா. ஷேவ் பண்ணக் கண்ணாடி முன்னாடி நிக்க முடியல.

— உங்களுக்கு எப்ப தெரியும் சார்? போன வாரமா?

— வரைபடம் போன வாரம். ஆனா அறிக்கை எழுதுறப்பவே உள்ளுக்குள்ள உறுத்துச்சு. தம்பி பேர் கிடைச்சதும், தப்பிச்சோம்டான்னு எழுதிட்டேன்.

— ம்.

— நாளைக்கு மாத்தி எழுதுறேன். என் பேரப் போட்டு. பன்னெண்டு தோட்டத்துக்காரங்களையும் கூப்பிட்டு அவங்க முன்னாடியும் சொல்லிடுறேன். வேலை போனா போகட்டும். நீங்க ஒண்ணு மட்டும் செய்யணும். தம்பியப் போய்க் கூட்டிட்டு வாங்க.

— என்னால முடியாது சார்.

— அவரு மேல இன்னுமா கோவம்?

— கோவம் இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் அவன் முன்னாடி நிப்பேன்?

— நீங்க என்னம்மா பண்ணீங்க? படிச்ச ஆபீசர் சொல்றானேன்னு என்ன நம்பினீங்க. அது ஒரு தப்பா?

— நம்பல சார்.

— என்னது?

— அன்னிக்கு நான் எங்க நின்னேன்னு பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. வாசல் கேட்டுக்குப் பின்னாடி. உங்க எல்லாருக்கும் ஷூ தொடைக்கத் துணியோட நின்னேன். கூலி ஆளுங்களுக்குன்னு நீங்க சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. தம்பியும் பக்கத்துலதான் நின்னான். அன்னிக்கும் பின்னாலயிருந்து வெறுங்காலோட வந்து, அங்கயே ரெண்டு தடவை காலக் கழுவிட்டு நின்னான்.

— அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?

— யார்கிட்ட சொல்றது? கன்னுக்குக் கையெழுத்துப் போடுறது நீங்க.

— அப்ப அதுவும் என்னாலதாம்மா.

— நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிட்டீங்க. நோய் தெரிஞ்சதும் இதே ஷெட்ல காகிதத்த விரிச்சு வச்சுக்கிட்டு, வெளியாளு யாராவது வந்தாங்களான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. உங்க தம்பியும் அப்ப இங்கதான் நின்னாரு.

— தம்பிக்கு எல்லாம் தெரியும் சார். வாயத் திறந்து உங்களக் காட்டியிருக்கலாம். காட்டல. அக்கா சொல்லும்னு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். நான்தான் சார், 'இவன்தான் வந்தான்'னு அவன் பக்கம் கைய நீட்டினேன்.