மைக்கெனின் பூட்டு

இந்த விசாரணை அறையில் காபி நன்றாக இருக்கிறது. எங்கள் படகில் தருகிறதைக் குடித்து நாக்கு செத்துப்போனவனுக்கு இது பெரிய விஷயம். எங்கள் குழுவில் இருக்கும் வில்லாஸ் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான்; அவன் வாயில் எதுவும் தங்காது. பரவாயில்லை. நானும் சொல்கிறேன், ஆனால் என் போக்கில், நிதானமாக. அவசரத்தில் சொல்லிக்கொடுத்தது யார் மண்டையிலும் ஏறியதில்லை.

ஆமாம், என் பட்டறையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த அந்தச் சாவிக்கொத்து என்னுடையதுதான். அதில் ஆறு சாவிகள் ஏன் இருக்கின்றன என்பதிலிருந்தே தொடங்கலாம்.

எஸ்பியர் துறைமுகத்திலிருந்து கடலுக்குள் போய்க் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பது எங்கள் வேலை. புதிதாக வருகிறவர்களை ஒரு வருஷம் ஒரு பழைய ஆளோடு சேர்த்துவிடுவார்கள். வழிகாட்டி என்று பெயர். அந்தப் பழைய ஆள் நான். 'தேறிவிட்டார்' என்று நான் சொன்னால்தான் அவர்கள் தனியாக ஒரு வேலையை எடுத்து நடத்த முடியும். முதல் நாளே அவர்கள் கையில் ஒரு சிவப்புப் பூட்டைக் கொடுப்பேன். மேலே ஏறுவதற்கு முன் கோபுரத்தின் அடியில் இருக்கும் மின்சுவிட்சை அணைத்து, அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கும்வரை யாராலும் இயந்திரத்தை ஓடவிட முடியாது. புதுப் பூட்டோடு இரண்டு சாவிகள் வரும். இரண்டாவதை அவர்கள் கண்முன்னே வெட்டிப் போட்டுவிட்டு, "இனிமே உன் உயிர் உன் கழுத்துல மட்டும்தான் தொங்குது" என்பேன். முகம் வெளுத்துவிடும். அது நல்ல பாடம்.

நான் வெட்டியது பழைய தபால் பெட்டிகளின் சாவிகளை. நிஜச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வேன்.

உடனே என்னைத் தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் தளத்தில் ஒரு பழக்கம் உண்டு, உங்கள் அலுவலகத்திலும் இருக்கும். வேலையில் கோட்டைவிட்டவர் மறுநாள் காலை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். கேலி செய்துகொண்டே தின்பார்கள், அதோடு கணக்குத் தீர்ந்தது. நான் கவனித்தவரை, ஒரு தடவையாவது கேக் கொண்டுவந்தவர்தான் பிறகு பயபக்தியோடு வேலை செய்வார். கொண்டுவராதவர் ஆபத்தான ஆள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. ஆனால் சூடு தானாக வந்து படும்வரை காத்திருந்தால் பூனையே மிஞ்சாமல் போகலாம். அதனால் நானே போட்டேன்.

புதியவர் மேலே வேலையாக இருக்கும்போது, கீழே அவருடைய பூட்டைத் திறந்து அவருடைய பைக்குள்ளேயே போட்டுவிடுவேன். சுவிட்ச் பக்கத்தைவிட்டு நகர மாட்டேன். இறங்கி வந்ததும், "உன் பூட்டு எங்கே?" என்று கேட்பேன். சுவிட்சைப் பார்ப்பார். கழுத்தைத் தடவுவார். பையைத் திறப்பார். அப்போது அந்த முகம் சரிந்து விழும் பாருங்கள், அதை எனக்கு மிகவும் பிடிக்கும். மனிதனின் மண்டை திறப்பது அந்த ஒரு நொடியில்தான். உடனே தோளில் கை வைத்து ஆறுதல் சொல்வேன். ஐந்து பேருக்கு இப்படிச் செய்தேன், ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஐந்து பேரும் இன்று குழுத் தலைவர்கள். ஏதாவது சந்தேகம் என்றால் இன்னமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆறாவது ஆள் மைக்கென். முப்பத்தேழு வயது, அதற்கு முன் பயணிகள் கப்பலில் சமையல்காரி. முதல் மூன்று மாதம் ஓயாமல் கேள்வி கேட்டாள். பிறகு குறைந்தது. பிறகு நின்றே போனது. தப்பே செய்யாத பெண். ஒரு நாள் வில்லாஸ் எண்ணெய் அழுத்தம் பற்றி ஏதோ கேட்டான், சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, ரொட்டியில் ஈரல் விழுது தடவிக்கொண்டிருந்த மைக்கென் பக்கம் திரும்பி, "சரிதானே?" என்றான். நான் சொன்னது சரிதான். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.

யால்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பத்து வருஷமாக எங்களோடு இருந்தவன். சோம்பேறி, ஆனால் அவன் இருந்தால் படகில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. மேலே ஏறும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. மைக்கெனோடு ஏறும்போது அவன் போடுவதை விட்டுவிட்டான். கண்டித்தேன்.

"மைக்கென் பூட்டு தொங்குதுல்ல, போதும். சர்ச் கதவை விடக் கெட்டி அது" என்றான்.

"ஆளுக்கு ஒரு பூட்டுடா. எத்தனை தடவை சொல்றது?"

"உங்க பூட்டை நம்பித்தானே, எஸ்கில், இத்தனை வருஷம் ஏறினேன். அப்பல்லாம் நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

நான் கிரீஸ் டப்பாக்களை எண்ண ஆரம்பித்தேன்.

ஏப்ரலோடு மைக்கெனுக்கு ஒரு வருஷம் முடிவதாக இருந்தது. ஒரு தடவைகூடக் கேக் கொண்டுவராமல் அவளை அனுப்பிவைப்பது பொறுப்பில்லாத காரியமாகப்பட்டது. அன்று கடல் அமைதியாக இருந்தது. காற்றாலையின் தலையைக் காற்றுக்கு எதிராகத் திருப்பும் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் போட அவளும் யால்மாரும் மேலே போனார்கள். சுவிட்சில் ஒரே ஒரு பூட்டு, அவளுடையது. அதைத் திறந்து அவள் பைக்குள் போட்டேன். இதுவரை, மற்ற ஐந்து பேருக்கும் செய்ததுதான்.

அப்போது படகிலிருந்து வில்லாஸ் ஏறி வந்தான். இந்தக் காற்றாலையை மறுபடி ஓடவிடச் சொல்லிக் கரையிலிருந்து தகவல் வந்திருந்தது.

"மேல யாரும் இல்லையே எஸ்கில்?"

"பூட்டு இருக்கா பாரு."

"இல்ல."

"அப்புறம் என்ன?"

நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் மேலே ஆள் இல்லை என்று அர்த்தம். அதுதான் விதி, வில்லாஸுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவன் இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்தான். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

யால்மாரின் கை அந்த நேரத்தில் சக்கரத்துக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். "நில்லு" என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. யோசிக்கவும் செய்தேன். மற்றவர்களுக்குப் பயம் காட்டினால் போதுமாக இருந்தது. இவள் கல் மனசுக்காரி, வெறும் பயத்தை ஒரு வாரத்தில் துடைத்துப் போட்டுவிடுவாள் என்று தோன்றியது. வில்லாஸ் சுவிட்சைப் போட்டான்.

வாக்கி டாக்கியில் மைக்கெனின் குரல் வந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க, நான் பூட்டுப் போட்டிருக்கேன்." ரத்தம் நிற்காமல், ஹெலிகாப்டர் வருவதற்குள் யால்மாரின் உயிர் போய்விட்டது. அவனை இறக்கிய பிறகு அவள் இறங்கி வந்தாள். சுவிட்சைப் பார்த்தாள். கழுத்தைத் தடவினாள். பையைத் திறந்தாள். அந்த முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பூட்டுப் போட மறந்துவிட்டேன் என்று அவள் உங்களிடம் சொன்னது பொய் இல்லை. அவள் அதை நம்புகிறாள். யால்மாரின் மனைவி வாசலில் வைத்து அவள் முகத்தில் துப்பியபோதுகூடத் துடைத்துக்கொள்ளாமல் நின்றாளாம். வியாழக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருகிறாள். சமையலறையில் உட்கார்ந்து அதையேதான் பேசுவாள்.

"போட்டேன்னுதான் எஸ்கில் தோணுது. பூட்டு விழுந்த சத்தம்கூடக் காதுல இருக்கு."

"அது வேற ஏதோ ஒரு நாள் கேட்ட சத்தம் மைக்கென். யானைக்கும் அடி சறுக்கும்."

"நான் ஜெயிலுக்குப் போறதுதான் நியாயம், இல்லையா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல சாப்பிடு."

சாப்பிடுகிறாள், நான் சொன்னால். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிறாள். கார் ஓட்டலாமா என்று எனக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். மறுபடி வேலைக்கு வந்தால் பக்கத்தில் நான் இருப்பேனா என்று கேட்டாள். இருப்பேன் என்றேன்.

சரி, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். பூட்டைத் திறந்தவன் நான், வாயைத் திறக்காதவனும் நான். எத்தனை வருஷம் கொடுத்தாலும் இருந்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இதை மைக்கெனிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், அவள் இப்போதுதான் என்னிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறாள்.