சிவப்பு நாடா ஒட்டிய இரண்டு ஊசிகள்

கறிக்குள் குத்தி வெந்ததா என்று பார்க்கிற வெப்பமானி ஊசி கெட்டுப்போவது உலகத்தில் நடக்காத காரியமில்லை, ஆபீசர். முதலில் காப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். புகையடுப்பு வைத்திருக்கிற எந்த டெக்சஸ் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். ஊசியின் ஒயர் அடுப்பு மூடியில் மாட்டி நசுங்கும். ஒயரும் ஊசியும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கினால், ஊசி வாய்க்கு வந்ததைச் சொல்லும். கொழுப்பு மடிப்பில் குத்திவிட்டாலும் போச்சு. நெஞ்சுக்கறி செருப்புத் தோல் மாதிரி கிடக்கும். ஒயரின் மறுமுனையில் சூடு காட்டுகிற பெட்டியோ வெந்துவிட்டது என்று கூவும்.

என் கணவன் எமிலுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஊசி மேல் சந்தேகம் வந்தால் பனிக்கட்டித் தண்ணீரில் முக்குவான், பாரன்ஹீட்டில் முப்பத்திரண்டு காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் முக்குவான், இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டும் சரியாக இருந்தால் ஊசிக்கு ஒரு முத்தம் கொடுப்பான். எனக்குக் கொடுத்து நாளாயிற்று என்பது வேறு விஷயம்.

சென்ற வசந்தத்தில் அவனுடைய சிநேகிதன் ராய்ஸ் ஒரு சேதியோடு வந்தான். கான்சஸ் சிட்டியில் புகையில் வேகவைத்த கறி பரிமாறுகிற பெரிய சாப்பாட்டுக் கடை. இரண்டு பேரும் வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். முதலாளி நேரில் வந்து எமிலின் கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பாராம்.

"நீயும் வா வில்மா," என்றான் எமில்.

"நான் வரலன்னா?"

"மாசத்துக்கு ஒருதடவ வந்து பாத்துட்டுப் போறேன்," என்றான், பல்லைக் குத்திக்கொண்டே.

எனக்குக் கோபமே வரவில்லை. அவன் யோசிக்காமல் பேசுகிறவன். அவனுக்கும் சேர்த்து யாராவது யோசிக்க வேண்டுமே.

அடுத்த சனிக்கிழமை ஊசியின் கழுத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்தேன். கறி வேகவே இல்லை. எமில் ஊசியை ஓவனில் காயவைத்துச் சரிசெய்துவிட்டான், கெட்டிக்காரன். பிறகு புதிதாக ஒன்று வாங்கி, அடையாளத்துக்குச் சிவப்பு நாடா ஒட்டினான். நானும் அதே மாதிரி ஒன்று வாங்கினேன். அதன் ஒயரைச் சுத்தியலால் லேசாகத் தட்டி, அதே சிவப்பு நாடாவை ஒட்டினேன். சோதிக்கும்போது நல்லது அவன் கையில் இருக்கும். கறியில் குத்திவிட்டு அவன் விறகு எடுக்கப் போனதும் கெட்டதை வைப்பேன்.

ராய்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், கறியா இது? டிராக்டர் டயர்டா!"

"இப்பத்தான் தண்ணில பாத்தேன், சரியாத்தான் காட்டுச்சு. ஊசில ஏதோ கோளாறு, ராய்ஸ்."

"ஊசி நல்லாத்தான் இருக்கு, எமில்," என்றேன் நான், தட்டுகளை அடுக்கிக்கொண்டே. "நீ பாத்தோம்னு நெனச்சிருப்ப."

அவன் முகம் வெளுத்தது. அவனுடைய அப்பா கடைசிக் காலத்தில் தன் பெயரையே மறந்து போனவர். எமிலுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் அதுதான். அது எனக்குத் தெரியும். கட்டியவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

அதற்கப்புறம் பெரிதாக ஒன்றும் சிரமப்படவில்லை. வண்டிச் சாவியை இடம் மாற்றி வைத்தேன். அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தேன். முதலாளி வந்த அன்று எமில் ஊசியையும் நம்பவில்லை, தன்னையும் நம்பவில்லை. பாதி வெந்த கறியைப் பரிமாறினான். ராய்ஸ் தனியாகவே கான்சஸ் சிட்டிக்குப் போனான். நான் பீச்சுப்பழம் வைத்த பை பலகாரம் சுட்டேன். எமில் மூன்று துண்டு சாப்பிட்டான், பாவம்.

அவனாகத்தான் டாக்டரிடம் போனான். ஒரு வாரம் கழித்து டாக்டர் வீட்டுக்கு போன் செய்தார். எடுத்தது நான். மூளை கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். நல்ல மனிதர். நன்றி சொல்லி வைத்தேன்.

"என்ன சொன்னாரு?" என்றான் எமில்.

"உங்கப்பாவுக்கு வந்ததுதானாம், இப்ப ஆரம்பந்தானாம், எமில். நான் இருக்கேன்ல."

என் மடியில் தலை வைத்து அழுதான். பிறகு வண்டிச் சாவியை அவனாகவே என் கையில் கொடுத்தான். இப்போது சட்டைப் பொத்தான் போடுவதற்குக்கூட என்னைக் கேட்கிறான். வாசல் கதவுக்கு வெளியே போவதில்லை.

போன வாரம் ஊருக்கு வந்த ராய்ஸ் கொட்டகையில் இரண்டு ஊசிகளையும் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். செய்தது நான்தான், ஆபீசர். எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் கெடுதல் என்று எழுதாதீர்கள். அவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, இருக்கிறான். காரியம் முடிந்தது, அதையெல்லாம் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

நேற்றுக் காலை எழுந்ததும், "இன்னிக்கு என்ன கெழம, வில்மா?" என்றான். நேற்று செவ்வாய். நான் வியாழன் என்றேன். அப்படியே நம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து இப்படி அன்பாக அவன் என்னைப் பார்த்ததே இல்லை.