மதில் இருந்த இடத்தில்: மேட்ரன் கிருபாமணி அம்மையாருக்கு

வெள்ளைச் சேலையில் வார்டுக்குள் வந்த விடியலே! வலிக்கும் இடத்தை வாய் திறந்து சொல்லுமுன் வந்து தொடும் கரமே! அருணை நகரின் அன்னையே! எங்கள் மேட்ரன் கிருபாமணி அம்மையாரே! வணக்கம்.

இளம் செவிலியராய் வந்த நாள்முதல் இந்த மருத்துவமனையில் பிறந்தோரைக் கையில் ஏந்தினீர்கள். இறந்தோரின் கண்களை மூடினீர்கள். பவுர்ணமிதோறும் மலை சுற்றி மயங்கி விழுந்தோருக்குப் படுக்கை இல்லாதபோது உங்கள் மேசையையே படுக்கையாக்கினீர்கள். ஊசி போடும்முன், "வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன்" என்பீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் நோயாளிகளும் போர்வையை இழுத்துச் சரிசெய்வார்கள்.

நீங்கள் பணி ஓய்வு பெற்று விடைபெறும் நாளில் கல்லறையைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினோம். ஆனால் நீங்கள் உறங்க வேண்டிய மண்ணில் உங்களுக்கு இடமில்லை என்று சொல்லப்பட்ட சேதி இவ்வூர் அறிந்தது. அதைப் பேசாமல் உங்களைப் பாராட்டுவது எப்படி?

1998 ஐப்பசிப் பவுர்ணமியன்று, அடி அண்ணாமலைப் பாதையில் விழுந்து கிடந்த ஒரு பெண்ணை நம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பிரகாஷ் கொண்டுவந்தார். பெயர் சொல்லாமலே அந்தப் பெண் இறந்தார். முன்கையில் பச்சை குத்திய சிலுவை மட்டும் இருந்தது. அடக்கம் செய்ய இடம் கேட்டபோது, மாதா கோயிலில் ஞானஸ்நானச் சான்று கேட்டார்கள். உங்கள் மிஷன் கோயிலில், எந்தச் சபை என்றார்கள். பிரகாஷின் ஜெப வீட்டிலோ, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவரா என்றார்கள். யாரும் ஏற்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும் வேளை, பிணவறைக் காவலர் சடையன் ஓடிவந்தார்.

"பூட்டு போட்டது போட்டபடி இருக்குதும்மா. உள்ள பாடுறாங்க. சாவிய நீங்களே வச்சிக்கங்க, நான் ஊருக்குப் போறேன்."

"போறவன் காபி டம்ளர கழுவி வச்சிட்டுப் போ" என்றீர்கள்.

உங்கள் பின்னால் வந்து கதவருகே நின்றோம். பாட்டு கேட்டது. "மாதா பிரார்த்தனை" என்று சிலுவை போட்டுக்கொண்டார் நர்ஸ் சவரியம்மாள். "இல்லீங்க, எங்க ஞானப்பாட்டு. சாவு வீட்ல பாடறது" என்றார் மிஷன் கோயிலைச் சேர்ந்த லேப் ராஜமாணிக்கம். "கை தட்டறது கேக்கலையா உங்களுக்கு?" என்றார் பிரகாஷ். நீங்கள் கதவைத் திறந்தீர்கள். அந்தப் பெண் கிடத்தியபடியே கிடந்தார், உதடுகள் மூடியிருந்தன. போர்த்திய துணி மட்டும் ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியது. மின்விசிறி இல்லாத அறை அது.

சேதி பரவியது. காலையில் மூன்று கோயிலாரும் வாசலில் நின்றார்கள். "எங்க பாட்டத்தான் பாடுச்சி, எங்க ஆளு" என்று மல்லுக்கட்டினார்கள்.

"நேத்து வரைக்கும் அநாதை. இன்னைக்கு மூணு தாய் வீடா?" என்றீர்கள்.

மாதா கோயில் கல்லறைக்கும் மிஷன் கல்லறைக்கும் நடுவே நின்ற மதிலில் முதல் கல்லைப் பெயர்த்தது உங்கள் கை. மதில் நின்ற இடத்திலேயே குழி வெட்டினோம். யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்காமல் மூன்று கூட்டமும் தத்தம் பாட்டை ஒரே நேரத்தில் பாடின. மூன்றும் கலந்து எழுந்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த அறைக்குள்ளிருந்து வந்த ஓசை அதுதான். முந்தின நாள் அதில் அவரவர் பங்கை மட்டுமே அவரவர் கேட்டிருக்கிறோம்.

உங்கள் சபைப் பெரியவர் சினந்தார். "மதில இடிச்சவங்களுக்கு இந்த மண்ல இடமில்ல" என்றார். உங்கள் கணவர் உறங்கும் மண் அது. "சரிங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குத் திரும்பினீர்கள். கதவுக்குப் பின்னால் நீங்கள் அழுததை நாங்கள் அறிவோம்.

அதன்பின் நடந்ததை ஊரே பேசுகிறது. கொத்தனார் கருப்பன் அந்த இடைவெளியை அடைக்கும்போதெல்லாம், மறுநாள் கற்கள் இரு பக்கமும் மடித்த வார்டுத் துணிபோல ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. "விழுந்த கல்லு இப்படி இருக்காதுங்க. கூலி வேணாம், என்ன விட்ருங்க" என்று கொத்துக்கரண்டியோடு போய்விட்டார் அவர்.

அம்மா! சென்ற ஞாயிறு, மூன்று கோயிலாரும் அந்தத் திறப்பில் ஒன்றாய்க் கூடினார்கள். ஜெபிக்கும் முறையில் இன்னும் ஒத்துப்போகவில்லை. சிலர் முழங்காலிட்டார்கள், சிலர் கைதட்டினார்கள், சிலர் செபமாலை உருட்டினார்கள். ஆனால் மதில் இனி இல்லை என்பதில் ஒத்துப்போனார்கள். உங்களைத் தடுத்த அதே பெரியவர், பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்கும் உங்கள் கணவருக்கும் இடையே இருந்த வெற்று நிலத்தைக் கைத்தடியால் காட்டி, "அந்தம்மாவுக்கு இதுதான். நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டோம்.

இடம் கிடைத்தது என்று அவசரப்படாதீர்கள், அம்மா. அங்கே நெடுங்காலம் புல் மட்டுமே முளைக்கட்டும். ஆடுகள் மேயட்டும். நலமும் பலமும் குன்றாமல், பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு பல்லாண்டு வாழுங்கள். அந்தக் கல்லறைப் பக்கமிருந்து யாராவது உங்களை அழைத்தால், டூட்டி இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்
மருத்துவமனைப் பணியாளர்கள்
திருவண்ணாமலை, 2006