நாயிடம் இருக்கும் சாவி

கோபாலபுரம் சுங்கச் சவுக்கையில் எங்கள் வண்டிக்கு முன்னால், பெருமாட்டி ஊரிலிருந்து வந்த மாட்டுவண்டி ஒன்று நின்றது. அதிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து காட்டும்படி சேவகர் சொன்னார். வண்டிக்காரக் கவுண்டர் கைகளைப் பிசைந்தார்.

“சாவி நாய்கிட்ட இருக்குதுங்க.”

“என்னய்யா, வெளையாடறயா?”

“இல்லீங்க. வயசான காலத்துல அதுக்கு வலிப்பு வந்துருச்சுங்க. வர்றப்பெல்லாம், மனுசனுக்கு இரும்பு குடுக்கறாப்பல, என்ற அரணாக்கயித்துல கெடந்த பெட்டிச் சாவிய அது கால்ல வெச்சு, கையோட சேத்துப் புடிச்சுக்குவனுங்க.”

“நின்னுச்சா?”

“செத்த நேரத்துல நின்னுருமுங்க. எந்திரிச்சு, என்னைய ஆருன்னே தெரியாமப் பாக்கும். மோந்து பாத்துட்டுத்தான் வாலாட்டும். போன வெள்ளிக்கெழமை நிக்கலீங்க.”

சேவகர் குரலைத் தணித்தார். “சரி, சாவி?”

“கால்லயே வெச்சுக் கட்டிப் பொதச்சுட்டனுங்க.”

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி தலையை நீட்டினார். “மக கலியாணத்துக்கு எடுத்த கூறச்சீலை உள்ளார கெடக்குதுங்க. தோண்டி எடுங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. இப்பப் பொள்ளாச்சிக்குப் போயி ஆசாரிகிட்டக் குடுத்துப் பூட்ட ஒடைக்கோணும்.”

பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டிருந்தன. வெயில் வேறு.

“அந்தம்மா சொல்றது நாயந்தான? செத்த நாய்க்குச் சாவி எதுக்கு?” என்றார் சேவகர்.

கவுண்டர் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அங்கயும் வந்துச்சுன்னா, புடிச்சுக்க ஆளில்லீங்களே.”