மீசை தெரிந்த சக்கரம்

அலுமினியச் சக்கரத்துக்கு ஈரக்காற்று ஆகாது, ஐயா. எவ்வளவு தேய்த்துக் கொடுத்தாலும் நம் ஆற்றங்கரை ஊரில் ஒரு மழைக்குள் சாம்பல் பூத்துவிடும். மேலே நிறமில்லாத பூச்சு அடித்தால் மங்காது, ஆனால் பளபளப்பு கொஞ்சம் குறையும். இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும். குமரகுருபரன் சார் இரண்டையும் கேட்டார்.

அவருக்கு பேங்கில் பெரிய வேலை. டவுணில் என் பாலிஷ் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, முன் சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து, அதில் தன் மீசையைப் பார்ப்பார். அதுதான் அவருடைய சோதனை. முதல் தடவை பூச்சு வேண்டாம் என்றார், நானும் அடிக்கவில்லை. மழை வந்தது, மங்கிவிட்டது. "ஏலே கொம்பையா, என்னத்தலே தேய்ச்ச? சாம்பல அப்புன மாதிரில்லா இருக்கு" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அவரைவிட மூத்தவன் நான். போகட்டும் என்று பூச்சு அடித்துக் கொடுத்தேன். இப்போது மீசை மங்கலாகத் தெரிகிறதாம். சீ, என்ன பிழைப்பு இது என்று வந்தது எனக்கு. வண்டியை மறுபடியும் கடையில் வாங்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன்.

அவர் மனைவி சுகிர்தா அப்படியில்லை. "அண்ணாச்சி, அவுக பேச்ச மனசுல வச்சிக்கிடாதீங்க. போன தடவையே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அந்த அம்மாளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பழைய பூச்சை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து ஓர் ஆரக்கால் கிளம்பும் இடத்தில் தலைமுடி அளவு கோடு. திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் அதே கோடு. கீறல் இல்லை, விரிசல். அதை வைத்து வண்டி ஓட்டக் கூடாது. இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும்.

சொல்லிவிடலாம் என்றுதான் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"இந்தத் தடவையாவது ஒழுங்காப் பண்ணுதியா? கண்ணு அவிஞ்சு போச்சாலே ஒனக்கு?"

அந்த அவிந்த கண்தான் விரிசலைப் பார்த்திருந்தது. "நாளைக்கு வந்து எடுத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஐயா. மெருகேற்றும் பஃபிங் மெஷினில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் மேல்தோல் இழுபட்டுக் கோட்டை மூடிவிடும். உள்ளே விரிசல் அப்படியேதான் இருக்கும். இரண்டு பக்கமும் மூடினேன். மேலே மெலிசாகப் பூச்சு அடித்தேன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். நடுங்கினால் இந்த வேலை வராது. அவர் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. குறை சொல்ல முடியாத வேலை ஒன்று செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரிசல் தெரிந்தால் அதுவும் குறைதானே.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஆட்டோவில் வந்தார்கள். பாபநாசம் கோயிலுக்குப் போகிறார்களாம். சக்கரத்தை மாட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம்கூட நானே வைத்தேன். அவர் குத்தவைத்து வெகுநேரம் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்பத்தாம்லே வேலை" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பாடு பட்டிருந்தேன். அப்போதும் சொல்லியிருக்கலாம். சொன்னால் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிடுவார், அந்தச் சொல்லும் போய்விடும். மனம் வரவில்லை. அந்த அம்மாள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது.

சேரன்மாதேவி தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் சக்கரம் உடைந்தது என்கிறீர்கள். அவர் பேச முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அந்த அம்மாள் விழுந்த இடத்திலேயே இறந்துவிட்டார் என்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான், ஐயா. ஸ்டேஷன் மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கிற உடைந்த துண்டைப் பார்த்தேன். மண்ணைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், இப்போதும் மீசை தெரியும்.

சொல்லாமல் அனுப்பினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டி கிளம்பும்போது அந்த அம்மாளிடம் "பாத்துப் பைய போங்கம்மா" என்று சொல்லித்தான் அனுப்பினேன்.